கருங்கல் மலையில் விரிசலைப் பின்தொடர்வது எப்படி

கருங்கல் மலையின் அடிவாரத்தில் நின்று அண்ணாந்து பார்ப்பவர் கண்ணில் முதலில் படுவது அதன் வெறுமைதான். மண் மூடிய மலைகளில் காடு எல்லாவற்றையும் போர்த்திவிடும். இங்கோ போர்வையே இல்லாமல் வழுவழுவென்று ஒரே பாறையாக வானம் வரை ஏறிப் போகிறது. ஆனால் ஐந்து நிமிடம் அசையாமல் நின்று கண்ணை மேலும் கீழும் ஓட்டினால், அந்தப் பரப்பின் மீது கோடு கோடாக விரிசல்கள் தெரியத் தொடங்கும். ஒற்றை மரம் நிற்பது விரிசலில்; மழைநீர் இறங்குவது விரிசலில்; பல்லியும் பாம்பும் வௌவாலும் குடியிருப்பது விரிசலில்; நல்ல நடைபாதை ஏறுவதும் பெரும்பாலும் அதை ஒட்டித்தான். ஆகவே இத்தகைய மலைக்குச் செல்ல விரும்புவோர், உச்சி எங்கே என்று கேட்பதற்கு முன் விரிசல் எங்கே என்று கேட்டுப் பழக வேண்டும் என்பது என் கருத்து. நிலத்தோற்றம், உயிரினங்கள், நடை ஆகிய மூன்றையும் அந்த ஒரு கேள்வியிலிருந்தே தொடங்கிவிடலாம்.

பாறையைப் படித்தல்

நடக்கத் தொடங்கும் முன், பாதையோரம் உடைந்து கிடக்கும் கையகலத் துண்டு ஒன்றை எடுத்து வெயிலில் மெல்லத் திருப்பிப் பாருங்கள். கண்ணாடிச் சில்லைப் போல மங்கலான சாம்பல் நிறத்தில் இருப்பது குவார்ட்ஸ். வெள்ளையாகவோ இளஞ்சிவப்பாகவோ இருந்து, ஒரு கோணத்தில் மட்டும் சட்டென்று மின்னும் தட்டையான முகம் ஃபெல்ட்ஸ்பாருடையது. நகத்தால் நெருடினால் ஏடு ஏடாகப் பெயரும் கரிய பொட்டுதான் காக்காப்பொன் என்று நாம் சொல்லும் மைக்கா. இவை ஒவ்வொன்றும் வெறுங்கண்ணுக்குத் தனித்தனியே தெரிகின்றன என்பதே இந்தப் பாறையின் வரலாற்றைச் சொல்லிவிடுகிறது. பூமிக்கடியில் பல கிலோமீட்டர் ஆழத்தில், பாறைக்குழம்பு மிக மெதுவாகக் குளிர்ந்ததால்தான் படிகங்கள் இவ்வளவு பெரிதாக வளர நேரம் கிடைத்தது. எரிமலை வாயிலிருந்து வெளியேறி விரைவாக இறுகியிருந்தால் கண்ணுக்குத் தெரியாத பொடிப்படிகங்களே மிஞ்சியிருக்கும். பார்த்து முடித்ததும் துண்டை எடுத்த இடத்திலேயே வைத்துவிடுங்கள். அதற்கான காரணம் பின்னால் வருகிறது.

அவ்வளவு ஆழத்தில் உருவான பாறை இன்று வெயிலில் நிற்கிறதென்றால், அதன் மேல் இருந்த பாரமெல்லாம் காலப்போக்கில் அரித்துக்கொண்டு போய்விட்டது என்று பொருள். பாரம் நீங்கிய பாறை சற்றே விரிகிறது. விரியும்போது மேற்பரப்புக்கு இணையாகத் தகடு தகடாகப் பிளக்கிறது. வெங்காயத்தோல் உரிவதைப் போல இந்தத் தகடுகள் ஒன்றன்பின் ஒன்றாக உரிந்து விழுவதால்தான் கருங்கல் மலைகள் குவிமாடம் போல உருண்டு நிற்கின்றன. அமெரிக்காவின் யோசெமிட்டியிலுள்ள ஹாஃப் டோம், டெக்சஸ் மாநிலத்தின் இளஞ்சிவப்பு நிற என்சான்டட் ராக், ஜார்ஜியா மாநிலத்தின் ஸ்டோன் மவுண்டன் ஆகியவற்றில் இந்த உரிதலை நன்றாகக் காணலாம். (ஸ்டோன் மவுண்டனின் கல்லைப் புவியியலாளர்கள் குவார்ட்ஸ் மோன்சோனைட் என்று தனியாகப் பிரித்துச் சொல்வார்கள், நடப்பவரின் காலுக்கு அந்த வேறுபாடு தெரியப் போவதில்லை.)

உரிதல் என்பது முடிந்துபோன பழங்கதை அன்று. யோசெமிட்டிப் பள்ளத்தாக்கில் 2010 தொடங்கிச் சில ஆண்டுகள் ஒரு பாறைத் தகட்டில் கருவிகளைப் பொருத்தி அளந்தபோது, வெயில் ஏறும் நேரத்தில் அந்தத் தகடு பின்னாலுள்ள பாறையிலிருந்து சுமார் 1 சென்டிமீட்டர் அளவுக்கு விலகுவதும், குளிர்ந்தபின் திரும்பி வருவதும் பதிவாயின. ஆகவே கொடும் வெயில் அடிக்கும் பிற்பகலில், செங்குத்துப் பாறைக்கு நேர் கீழே, புதிதாக விழுந்த கற்கள் வெளுத்த முகத்தோடு கிடக்கும் இடத்தில் உட்கார்ந்து இளைப்பாறுவது உசிதமன்று. பழைய கற்களின் மேல் பாசிப்படிவம் கறுத்தோ பச்சையாகவோ படர்ந்திருக்கும். வெளுத்த முகம் சமீபத்தில் விழுந்ததற்கான அடையாளம்.

செங்குத்து விரிசல்களும் கிடைமட்ட விரிசல்களும் ஒன்றையொன்று வெட்டும் இடங்களில் பாறை பெட்டி பெட்டியாகப் பிரிகிறது. விரிசல் வழியே இறங்கும் நீர், ஃபெல்ட்ஸ்பாரைச் சிறிது சிறிதாகக் களிமண்ணாக மாற்றுகிறது. பெட்டியின் மூலைகள் இரு பக்கமும் தாக்கப்படுவதால் முதலில் தேய்ந்து, கடைசியில் உருண்டைக் கற்கள் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி வைத்தாற்போல் நிற்கின்றன. அவற்றை யாரோ தூக்கி வைத்தது போலத் தோன்றினாலும், அவை நின்ற இடத்திலேயே உருண்டையானவை. ஃபெல்ட்ஸ்பார் கரைந்தபின் பிடிப்பை இழந்து உதிரும் குவார்ட்ஸ் மணிகள்தாம் பாறைச் சரிவுகளில் கிடக்கும் பருமணல். இந்தப் பருமணலை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். நடையைப் பற்றிப் பேசும்போது மீண்டும் வரும்.

பனியாறு கடந்துபோன மலைகளில் இன்னொரு எழுத்தும் உண்டு. பனிக்கட்டி தன் அடியில் அரைத்து இழுத்துச் சென்ற கற்பொடி, பாறையைக் கண்ணாடி போல மெருகேற்றியிருக்கும். அதன் மேல் நேர்க்கோட்டுக் கீறல்கள், பனி எத்திசையில் நகர்ந்தது என்பதைக் காட்டும். யோசெமிட்டியின் லெம்பெர்ட் டோம் போன்ற குன்றுகள் பனி வந்த பக்கம் மெல்லச் சாய்ந்தும், போன பக்கம் பிய்த்தெடுத்தாற்போல் செங்குத்தாகவும் இருப்பதைப் பார்த்தால், எந்தப் பக்கம் ஏற வேண்டும் என்பதைப் பனியே சொல்லி வைத்திருப்பது புரியும்.

சுனைகளும் பாறைச் செடிகளும்

கருங்கல் நீரை உறிஞ்சாது. அதனால் மழை பெய்தவுடன் மலை முழுவதும் ஓடையாகிறது. மழை நின்ற சிறிது நேரத்தில் மீண்டும் வறண்டு கிடக்கிறது. நீர் தங்குவது இரண்டு இடங்களில்தான்: விரிசல்களின் ஆழத்திலும், உச்சியிலுள்ள சுனைகளிலும். முழங்கால் ஆழமோ விரற்கடை ஆழமோ மட்டுமே உள்ள இந்தச் சுனைகளைப் பலர் கை கால் கழுவும் குட்டையாகக் கருதி இறங்கிவிடுகிறார்கள். நான் இந்த மலைகளில் கண்ட பிழைகளிலேயே அதிகம் வருத்தம் தருவது இதுதான்.

என்சான்டட் ராக்கின் உச்சியிலுள்ள சுனைகளில் மழைக்குப்பின் மண்டியிட்டு உற்றுப் பார்த்தால், கண்ணாடி போல ஒளி ஊடுருவும் சிறிய உயிர்கள் மல்லாந்தபடி நீந்துவதைக் காணலாம். ஃபேரி ஷிரிம்ப் எனப்படும் இந்த இறால் இனத்து உயிர்கள், நீர் இருக்கும் சில வாரங்களுக்குள் பொரித்து, வளர்ந்து, முட்டையிட்டு மடிந்துவிடுகின்றன. சுனை வற்றியபின் அந்த முட்டைகள் அடியிலுள்ள புழுதியில் ஆண்டுக்கணக்கில் உயிரோடு காத்திருக்க வல்லவை. ஆகவே காய்ந்த சுனையும் வெறும் பள்ளம் அன்று. அதில் கால் வைப்பதும், சப்பாத்து மண்ணைத் தட்டுவதும், சோப்பு நுரை படவிடுவதும் அடுத்த மழைக்கான தலைமுறையை அழிக்கும் செயல்கள்.

பாறை மீது முதலில் குடியேறுவது லைக்கன் எனப்படும் கல்பாசி. மஞ்சள் கலந்த பச்சை நிறத்தில், கறுப்பு எல்லைக்கோடுகளோடு நிலப்படம் வரைந்தாற்போல் தெரியும் ஒரு வகை, ஆண்டுக்கு ஒரு மில்லிமீட்டர் கூட வளராது. உள்ளங்கை அளவுள்ள ஒரு படர்வு பல நூற்றாண்டு வயதுடையதாக இருக்கக்கூடும் என்பதால், பாறை எப்போது வெளிப்பட்டது என்று கணிப்பதற்கே அதைப் பயன்படுத்துகிறார்கள். அடுத்த நிலையில், பள்ளங்களில் சேரும் ஒரு விரல் ஆழ மண்ணில் பாசியும் சிறு செடிகளும் வருகின்றன. அமெரிக்காவின் தென்கிழக்குப் பாறைத் திட்டுகளில் வளரும் டயமார்ஃபா என்ற குட்டிச் செடி, குளிர்காலத்தில் இரத்தச் சிவப்பாகத் தரையில் பரவி, இளவேனிலில் வெள்ளையாகப் பூக்கிறது. அதற்கு மகரந்தச் சேர்க்கை செய்பவை எறும்புகள். தென்னாப்பிரிக்கப் பகுதிகளின் கருங்கல் குன்றுகளில் உள்ள மைரோதாம்னஸ் என்ற குறுஞ்செடியோ, வறட்சியில் விறகுச் சுள்ளி போலக் காய்ந்து மடிந்து, மழை பட்ட ஒரு நாளுக்குள் மீண்டும் பச்சையாக விரிகிறது. இந்தத் திட்டுகளின் மண் உருவாக ஆகும் காலத்தையும், ஒரு காலடி அதைப் பெயர்த்தெடுக்க ஆகும் நொடியையும் ஒப்பிட்டால், வெறும் பாறை மீதே நடக்க வேண்டும் என்ற விதி மிகையாகத் தோன்றாது.

விலங்குகளைக் காண்பதற்கு

இங்கே விலங்கைத் தேடி அலைவதைவிட ஓரிடத்தில் உட்கார்ந்திருப்பதே பலன் தரும். விடியலுக்குப்பின் முதல் வெயில் படும் கிழக்குமுகப் பாறை ஒன்றைத் தேர்ந்து, ஐம்பது அடி தள்ளி, உங்கள் நிழல் அதன் மேல் விழாதபடி அமருங்கள். இரவில் குளிர்ந்த உடலைச் சூடாக்கிக்கொள்ள ஓணான்களும் பல்லிகளும் விரிசலிலிருந்து முதலில் தலையை மட்டும் நீட்டும். பின்னர் உடலைத் தட்டையாக்கிப் பாறையோடு ஒட்டிக்கொண்டு வெயில் காயும். மேற்கு ஆஸ்திரேலியக் கருங்கல் பாறைகளில் வாழும் ஒரு வகை ஓணான், ஆபத்து வந்தால் உரிந்து நிற்கும் மெல்லிய தகடுகளுக்கு அடியில் நுழைந்துவிடுகிறது. அந்தத் தகட்டை யாராவது புரட்டிப் போட்டால் அதற்கு வேறு வீடு இல்லை. கல்லை எடுத்த இடத்திலேயே வைக்கச் சொன்னது இதனால்தான்; கற்களை அடுக்கிக் கோபுரம் கட்டி மகிழ்பவர்களுக்கும் இது பொருந்தும்.

ஜிம்பாப்வேயின் மட்டோபோ குன்றுகள் இவ்வகை மலையில் உயிர்கள் ஒன்றையொன்று எப்படிச் சார்ந்திருக்கின்றன என்பதைக் காண மிகச் சிறந்த இடம். 2003-ஆம் ஆண்டில் உலகப் பாரம்பரியக் களமாக அறிவிக்கப்பட்டது. முயல் அளவுள்ள பாறை ஹைராக்ஸ்கள் அங்கே விரிசல்களில் கூட்டமாக வாழ்கின்றன. அவற்றின் பாதங்களின் அடியில் எப்போதும் ஈரம் கசியும் மெத்தென்ற தோல் இருப்பதால் செங்குத்துச் சரிவிலும் வழுக்குவதில்லை. அவற்றையே முக்கிய இரையாகக் கொண்ட வெரோ கழுகு, உயர்ந்த பாறை விளிம்புகளில் கூடு கட்டுகிறது. கிளிப்ஸ்பிரிங்கர் என்ற சிறிய மானோ, குளம்பின் நுனியில் மட்டும் ஊன்றி, பரதநாட்டியம் ஆடுபவர் முன்பாதத்தில் நிற்பது போலப் பாறைக்குப் பாறை தாவுகிறது. ஹைராக்ஸ் கூட்டம் திடீரென்று கீச்சிட்டு மறைந்தால், அவை மறைந்த இடத்தைப் பார்க்காமல் வானத்தைப் பாருங்கள்.

குளிர்ந்த மலைகளில் காட்சி வேறு. அமெரிக்காவின் சியரா நெவாடா மலைத்தொடரில் சரிந்து குவிந்த கற்களுக்கு நடுவே பைகா என்ற குட்டி விலங்கு கோடையில் புல்லை அறுத்து வந்து குளிர்காலத்துக்குச் சேர்த்து வைக்கிறது. கற்குவியலிலிருந்து கூர்மையான கீச்சொலி கேட்டு, ஒன்றும் தெரியாமல் திகைத்தால், பெரும்பாலும் அதுவாகத்தான் இருக்கும். ஸ்காட்லாந்தின் கெய்ர்ன்கார்ம்ஸ் கருங்கல் மேட்டுநிலத்தில் டார்மிகன் என்ற பறவையும் மலைமுயலும் குளிர்காலத்தில் வெண்ணிறம் பூணுகின்றன. பனி குறைவாக விழுந்த ஆண்டுகளில், சாம்பல் நிறப் பாறை மீது வெள்ளை முயல் அசையாமல் பதுங்கியிருப்பதை எவரும் எளிதாகக் கண்டுவிடலாம். அதற்கு அது தெரியாது.

செங்குத்துப் பாறை முகத்தில் வெள்ளைச் சுண்ணாம்பு வழிந்தாற்போல் எச்சக்கறை தெரிந்தால், அதற்கு மேலே பறவைகளின் இருப்பிடம் இருக்கிறது. பொரி வல்லூறு கூடு கட்டும் காலத்தில் அமெரிக்காவின் அகாடியா தேசியப் பூங்காவில் பிரெசிபிஸ் என்ற செங்குத்துப் பாதையையே மூடிவிடுகிறார்கள். இத்தகைய தடைகள் பல மலைகளில் பருவத்துக்குப் பருவம் மாறும் என்பதால், புறப்படும் முன் பூங்கா நிர்வாகத்தின் அறிவிப்பைப் பார்ப்பது அவசியம். இன்னொன்று: ஏறும்போது கண்ணுக்குத் தெரியாத விரிசலுக்குள் கையை விடாதீர்கள். உங்களுக்குப் பிடிமானமாகத் தோன்றும் இடம் ஒரு பாம்புக்குப் பகல்நேரப் படுக்கை.

ஏறுவதும் நேரக் கணக்கும்

எந்த மலையில் தொடங்குவது என்பது அவரவர் பழக்கத்தைப் பொறுத்தது. ஸ்டோன் மவுண்டனில் சுமார் 1.6 கிலோமீட்டர் பாதையில் பாறை மீதே நடந்து உச்சியை அடைந்துவிடலாம். அகாடியாவின் கடிலாக் மலை 466 மீட்டர்தான். சியோல் நகரை ஒட்டிய புக்கான்சானின் பேகுண்டே சிகரம் 836 மீட்டர். கடைசிப் பகுதியில் இரும்புக் கம்பிகளைப் பிடித்து ஏற வேண்டும். ஹாஃப் டோம் முற்றிலும் வேறு வகை: போகவர 22 கிலோமீட்டருக்கு மேல், ஏறக்குறைய 1,460 மீட்டர் ஏற்றம், இறுதியில் 1919-இல் முதன்முதலாகப் பொருத்தப்பட்ட கம்பிவடங்கள், அவற்றைப் பயன்படுத்தக் குலுக்கல் முறையில் முன்அனுமதி. போர்னியோவின் கினபாலு 4,095 மீட்டர். வழிகாட்டி இல்லாமல் அனுமதி இல்லை. வழக்கமாக 3,200 மீட்டருக்குச் சற்று மேல் இரவு தங்கி, நள்ளிரவுக்குப்பின் புறப்பட்டு, வெறும் கருங்கல் தளத்தில் கயிற்றைத் தொடர்ந்து ஏறுகிறார்கள். 2,500 மீட்டருக்கு மேல் உயர நோய் எவருக்கும் வரலாம் என்பதால், தலைவலியோடு குமட்டலும் சேர்ந்தால் உச்சியை மறந்து இறங்குவதே சரி.

நேரத்தைக் கணிக்க, வில்லியம் நெய்ஸ்மித் என்ற ஸ்காட்லாந்து மலையேறி 1892-இல் சொன்ன விதி இன்றும் பயன்படுகிறது: 5 கிலோமீட்டருக்கு ஒரு மணி நேரம், அதோடு ஒவ்வொரு 600 மீட்டர் ஏற்றத்துக்கும் மேலும் ஒரு மணி நேரம். 8 கிலோமீட்டர் தூரமும் 600 மீட்டர் ஏற்றமும் உள்ள பாதைக்கு இந்தக் கணக்கில் 2 மணி 36 நிமிடங்கள் ஆகும். ஆனால் இது நிற்காமல் நடக்கும் பழகிய கால்களுக்கானது. சுனையருகே மண்டியிடவும் ஓணானுக்காகக் காத்திருக்கவும் விரும்புவோர் அதை இரட்டிப்பாக்கிக்கொள்வது நல்லது. குடிநீர் முழுவதையும் அடிவாரத்திலிருந்தே சுமந்து செல்லுங்கள். மணிக்கு அரை லிட்டர் என்பது மிதமான வெயிலுக்கான அளவு, பாறை கொதிக்கும் நாளில் அது போதாது.

காய்ந்த கருங்கல் காலுக்கு அளிக்கும் பிடிமானம் வியக்கத்தக்கது. மென்மையான ரப்பர் அடிப்பாகம் கொண்ட காலணியில், ஒட்டியிருக்கும் மண்ணைத் துடைத்துவிட்டு, பாதம் முழுவதும் பதியும்படி நடந்தால், நம்ப முடியாத சரிவிலும் நிற்கலாம். பயத்தில் பாறையின் பக்கம் சாய்ந்து கைகளை ஊன்றுவதுதான் பெரும்பாலோர் செய்யும் தவறு. அப்போது உடல் எடை பாதத்தைவிட்டு விலகி, கால் வெளிப்புறமாகத் தள்ளப்படுகிறது. நிமிர்ந்து, எடையைப் பாதத்தின் மீதே வைத்து, சிறு சிறு அடிகளாக எடுத்து வையுங்கள். சரிவில் வெள்ளை நரம்பு போல ஓடும் வரிகள் சுற்றியுள்ள பாறையைவிடச் சற்றே துருத்தி நின்றால் அவை படிக்கட்டாகவே உதவும். யோசெமிட்டியின் மேட்டுப்பகுதியில் கட்டைவிரல் அளவுக்குப் புடைத்து நிற்கும் ஃபெல்ட்ஸ்பார் படிகங்களைப் பாறையேறிகள் கைப்பிடியாகவே பயன்படுத்துகிறார்கள்.

இந்தப் பிடிமானத்தைக் கெடுப்பவை மூன்று. முதலாவது பருமணல். ஒருமுறை நான் பத்தடி சறுக்கி உள்ளங்கைத் தோலை இழந்தது அதனால்தான். அது மணலாகத் தெரியவில்லை, பாறையின் நிறத்திலேயே மெல்லியதாகப் பரவிக் கிடந்தது, கால் வைத்ததும் கோலிக்குண்டுகள் மீது ஏறியது போல இருந்தது. இரண்டாவது, மேலிருந்து கீழாக இறங்கும் கரிய பட்டைகள். நீர் வழியும் தடங்களான அவற்றில் பாசி படிந்திருப்பதால், மழை பட்டால் எண்ணெய் தடவியது போலாகிவிடும். மூன்றாவது, பனியாறு மெருகேற்றிய பளபளப்பான திட்டு; அது காய்ந்திருந்தாலும் நம்பத்தக்கதன்று.

குவிமாட மலைக்கு மட்டுமே உரிய ஒரு சூதும் உண்டு. உச்சியிலிருந்து விலகி நடக்கும்போது தரை ஒரே சீராகச் சாய்வதில்லை. ஒவ்வோர் அடிக்கும் கொஞ்சம் கொஞ்சமாகச் செங்குத்தாகிக்கொண்டே போகிறது. கண்ணுக்கு அடுத்த பத்தடி மட்டும் தெரியும், அதற்கப்பால் வானம். வழி தவறியவர்கள் இன்னும் சற்று இறங்கினால் பாதை தெரிந்துவிடும் என்று எண்ணி, திரும்பி ஏறவும் முடியாத சரிவில் சிக்கிக்கொள்வது இப்படித்தான். கீழே தெரியாத சரிவில் இறங்காதீர்கள். வந்த தடத்துக்கே ஏறித் திரும்புங்கள். ஏறும்போதே அவ்வப்போது பின்னால் திரும்பிப் பார்த்து, எந்த விரிசல், எந்த மரம், எந்த உருண்டைக்கல் என்று மனத்தில் குறித்துக்கொண்டால் திரும்புவது எளிது, ஏனெனில் இறங்கும்போது மலை வேறு முகம் காட்டும்.

இடி மின்னலைப் பற்றிப் பேரம் பேச இடமில்லை. மொட்டைக் குவிமாடத்தில் அங்கே உயரமான பொருள் நீங்கள்தான். 1985-ஆம் ஆண்டு ஜூலை மாதம் ஹாஃப் டோமின் உச்சியில் மின்னல் தாக்கி இருவர் உயிரிழந்தனர். மின்னலுக்கும் இடியோசைக்கும் இடையே 30 நொடிகளுக்குக் குறைவாக இருந்தால், அது ஏறக்குறைய 10 கிலோமீட்டருக்குள் இருக்கிறது. உடனே இறங்கத் தொடங்க வேண்டும், கடைசி இடி கேட்டு 30 நிமிடங்கள் கழியும் வரை மேலே திரும்பக் கூடாது. பாறையின் தொங்கல் விளிம்புக்கு அடியிலும் ஆழமற்ற குகையிலும் ஒதுங்குவது பாதுகாப்பு அன்று, ஏனெனில் மின்சாரம் பாறைப் பரப்பின் வழியாகவும் ஈரமான விரிசல்களின் வழியாகவும் பாய்கிறது. நாள் முழுவதும் நல்ல வழிகாட்டியாக இருந்த விரிசல், இந்த ஒரு வேளையில் மட்டும் விலகி நிற்க வேண்டிய இடமாகிவிடுகிறது. பல மலைகளில் இடிமேகம் பிற்பகலில் திரள்வதால், விடியலில் புறப்பட்டு நண்பகலுக்குள் உச்சியைவிட்டு இறங்கிவிடும்படி திட்டமிடுங்கள். திரும்பும் நேரத்தைப் புறப்படும்போதே ஒரு தாளில் எழுதிவைத்து, உச்சி கண்ணெதிரே இருந்தாலும் அந்த நேரம் வந்ததும் திரும்பிவிடுங்கள்.

இறக்கத்தில் முழங்கால் களைத்திருக்கும், கவனமும் சிதறும். கால்விரல்களைக் கீழ்நோக்கி வைத்து, முழங்காலைச் சற்றே மடக்கி, ஊன்றுகோல் இருந்தால் அதன் நுனி வழுக்காத குழியாகப் பார்த்து ஊன்றி இறங்குங்கள். சரிவு மிகும் இடத்தில் உட்கார்ந்து நகர்வது வெட்கப்பட வேண்டிய செயல் அன்று. அடிவாரத்தை எட்டியபின் இருட்டுவதற்குள் அரை மணி நேரம் மிச்சமிருந்தால், பாறையின் விழும் தகடுகள் எட்டாத தொலைவில், தனியே கிடக்கும் ஓர் உருண்டைக்கல்லில் முதுகைச் சாய்த்து அமருங்கள். பகல் வெயிலின் சூடு கல்லில் இன்னும் இருக்கும். மேலே, காலையில் நீங்கள் குறித்து வைத்த விரிசலிலிருந்து வௌவால்கள் ஒவ்வொன்றாக வெளியே வரும்.